மிதிவண்டி பிரேக்கில் காற்று எடுத்தல்: ஒரு வினையெச்சம் இடம் மாறினால்…

படிவம் 4 மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். 'உனக்குக் கைவந்த ஒரு வேலையைச் செய்யும் முறையை விளக்குக' என்பதுதான் தலைப்பு. எதிர்பார்த்தபடியே முறுக்குச் சுடுவதும் மீன் தொட்டி கழுவுவதும் வந்து சேர்ந்தன. ஒரு மாணவன் மட்டும் மலை மிதிவண்டியின் ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று எடுப்பதைப் பற்றி எழுதியிருந்தான். லாபிசைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் அதிகம். வார இறுதியில் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் இளைஞர்கள் இங்கே நிறைய பேர். நானும் ஓட்டுகிறவன்தான். அதனால் அந்தக் கட்டுரையை ஆசையோடு படித்தேன்.

எழுத்துப்பிழை இல்லை. வலிமிகுதல்கூட ஏறக்குறைய சரி. சரி என்று குறி போடப் போகும்போதுதான் இந்த இடம் கண்ணில் பட்டது: 'லீவரை அழுத்தி நிப்பிளைத் திறக்கவும். பிறகு லீவரை விட்டு நிப்பிளை மூடவும்.'

இலக்கணப்படி இந்த வாக்கியங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை நம்பி ஒருவர் வேலை செய்தால் அவருடைய பிரேக்குக்குள் காற்று புகுந்துவிடும். எந்தக் காற்றை வெளியே எடுக்க உட்கார்ந்தாரோ அதே காற்று.

மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், கையால செய்யும்போது சரியாத்தான் செய்வேன். எழுதும்போது மாறிப்போச்சு" என்றான். அதோடு இன்னொன்றும் சொன்னான்: "இதையே படம் புடிச்சு என் மாமா மகனுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன் சார். அவன் இந்த வாரம் செய்யப் போறான்." அன்று பள்ளி முடிந்ததும் முதல் வேலையாகத் திருத்தி அனுப்பச் சொன்னேன். நல்லவேளை, அந்தப் பையன் இன்னும் எண்ணெய் வாங்கியிருக்கவில்லை.

ஒரு வேலையை விளக்கி எழுதும்போது ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் 'விட்டு', 'மூடி' என்ற சொற்கள் தாமாகவே சரியான இடத்தில் உட்காரும். அதனால் இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்தே விளக்குகிறேன். ஆசிரியர்கள் இதை வகுப்பில் வாசிப்புப் பகுதியாகப் பயன்படுத்தலாம். மிதிவண்டி வைத்திருக்கும் மாணவர்கள் வேறு விதத்திலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதைப் 'பிலீடிங்' என்பார்கள். அகராதியைப் பார்த்து 'இரத்தம் வடித்தல்' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் பயந்துபோவார். மலாய்க்காரர்கள் 'புவாங் அங்கின்' என்பார்கள், அதாவது காற்றை வெளியேற்றுதல். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் 'காத்து எடுக்கணும்' என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். செயலைப் பார்த்து வைத்த பெயர் என்பதால் 'காற்று எடுத்தல்' என்பதையே நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய மிதிவண்டிகளில் லீவரை இழுத்தால் ஒரு கம்பி பிரேக்கை இழுக்கும். ஹைட்ராலிக் பிரேக்கில் கம்பி கிடையாது, எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்கிறது. லீவருக்குள் ஒரு சிறு பிஸ்டன் இருக்கிறது. விரலால் லீவரை இழுத்ததும் அது எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் உள்ள காலிப்பருக்குப் போய், அங்கே இருக்கும் பெரிய பிஸ்டன்களைத் தள்ளும். அவை பிரேக் பேட்களை இரண்டு பக்கமும் டிஸ்க்கின் மேல் அழுத்தும். சக்கரம் நிற்கும்.

இதற்குப் பின்னால் இருப்பது பாஸ்கல் கோட்பாடு. படிவம் 5 இயற்பியலில் 'அழுத்தம்' என்ற பாடத்தில் வருகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அதே அளவில் பரவும். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கியது இது. 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்தி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது இந்தக் கோட்பாடு தொழிற்சாலைக்குள் வந்தது. கார்களுக்கு 20ஆம் நூற்றாண்டில் வந்தது. மிதிவண்டிக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். அளவுகள் பிரேக்குக்குப் பிரேக் மாறும். எடுத்துக்காட்டுக்கு, விரலால் 50 நியூட்டன் விசை கொடுக்கிறோம் என்று வையுங்கள். அது ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை. லீவர் ஒரு நெம்புகோல். அது அந்த விசையை நான்கு மடங்காக்கினால் 200 நியூட்டன். லீவரில் உள்ள பிஸ்டனின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். ஆக, எண்ணெயில் ஏறும் அழுத்தம் ஏறக்குறைய 25 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல 25 மடங்கு. காலிப்பரில் உள்ள பிஸ்டனின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். அங்கே ஒவ்வொரு பக்கமும் கிடைக்கும் விசை ஏறக்குறைய 970 நியூட்டன். ஒரே விரலால் இழுத்த ஐந்து கிலோ, டிஸ்க்கின் இரு பக்கமும் நூறு கிலோவை நெருங்கும் பிடியாக மாறுகிறது.

இவ்வளவும் நடப்பது எண்ணெய் சுருங்காத காரணத்தால்தான். காற்று அப்படி இல்லை, அழுத்தினால் சுருங்கிவிடும். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. மேலே சொன்ன லீவர் பிஸ்டன் முழுமையாக 10 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது தள்ளும் எண்ணெய் 0.8 மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவுதான். பேட்கள் டிஸ்க்கைத் தொடுவதற்கே அதில் சுமார் 0.2 மில்லிலிட்டர் தேவை. இப்போது குழாய்க்குள் அரை மில்லிலிட்டர் காற்று இருக்கிறது என்று கொள்வோம். பத்துச் சொட்டுத் தண்ணீர் அளவு, அவ்வளவுதான். 25 பார் அழுத்தம் ஏறுவதற்குள் அந்தக் காற்று ஏறக்குறைய 0.02 மில்லிலிட்டராகச் சுருங்கிவிடும். ஆக, நீங்கள் தள்ளிய எண்ணெயில் பாதிக்கு மேல் காற்றைச் சுருக்குவதற்கே செலவாகிவிட்டது. லீவர் ஹேண்டிலைத் தொடும் தறுவாயில்தான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். காற்று இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்தால் லீவர் ஹேண்டிலில் இடித்து நிற்கும், வண்டி நிற்காது.

இதில் ஆபத்து என்னவென்றால், கம்பத்துச் சாலையில் மெதுவாகப் போகும்போது இது தெரியவே தெரியாது. கொஞ்சம் பிடித்தாலே நின்றுவிடும். பெக்கோக்கில் சுங்கை பந்தாங் வனப்பூங்கா இருக்கும் பக்கம் போல மேடு பள்ளமான இடத்துக்குப் போய், மழையில் நனைந்த செம்மண் இறக்கத்தில் முழுப் பிடி தேவைப்படும்போதுதான் குறை தலைகாட்டும்.

ஆனால் லீவர் தளர்ந்தால் எல்லாமே காற்றுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லீவரை வேகமாக நான்கைந்து முறை இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்கக் கெட்டியானால் பெரும்பாலும் காற்றுதான். ஆனால் பேட் தேய்ந்திருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால் முதலில் பேட்டைப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் உள்ள உராய்வுப் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். லீவர் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? பேட்டிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் பட்டிருக்கும். அதற்குக் காற்று எடுத்துப் பயனில்லை. சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் வீட்டுச் சின்னப் பிள்ளை லீவரை இழுத்து விளையாடியிருந்தால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொள்ளும். அதுவும் வேறு கதை.

நம் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். டியூப் ஒட்ட வேண்டுமென்றால் மிதிவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவோம். லீவரில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் இறங்கிவிடும். நிமிர்த்தி வைத்ததும் பிரேக் 'பொசுக்' என்று இருக்கும். அப்போது வண்டியை நேராக நிறுத்தி லீவரைப் பலமுறை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் காற்று மேலே ஏறிவிடுவதும் உண்டு. அடிக்கடி இப்படி ஆனால் காற்று எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இனி எண்ணெய். இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. மிதிவண்டி பிரேக் எண்ணெயில் இரண்டு குலம் உண்டு. ஒன்று கனிம எண்ணெய், கடைகளில் 'மினரல் ஆயில்' என்பார்கள். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு இதுதான். இன்னொன்று கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஊற்றும் டாட் வகை. ஸ்ராம் நிறுவனத்தின் பல பிரேக்குகளும் ஹேய்ஸ் பிரேக்குகளும் இதைக் கேட்கும். ஆனால் ஸ்ராம் அண்மையில் கனிம எண்ணெய்ப் பிரேக்குகளையும் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. லீவரின் எண்ணெய்த் தொட்டி மூடியிலேயே எந்த எண்ணெய் என்று பொறித்திருப்பார்கள், அதைப் படித்தால் போதும். எண்ணெயின் நிறத்தை நம்ப வேண்டாம்.

இரண்டையும் மாற்றி ஊற்றினால் என்ன? உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அந்தந்த எண்ணெய்க்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. மாற்று எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். என் பழைய வண்டிக்கே இது நடந்தது. ஒரு கடையில் கனிம எண்ணெய்ப் பிரேக்குக்கு டாட் எண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இழுத்த லீவர் திரும்பி வரவே இல்லை. கழுவியும் பயனில்லை, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன்.

டாட் எண்ணெய்க்கு இன்னொரு குணம், அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 பாகை. டாட் 5.1 என்றால் 260, ஈரம் ஏறினால் 180. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் சூடேறும். எண்ணெய் கொதித்தால் ஆவி வரும். ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும், லீவர் ஹேண்டிலில் போய் இடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் டாட் எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. கனிம எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எப்படியோ தண்ணீர் உள்ளே போய்விட்டால், எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அது அடியில் இருக்கும் காலிப்பருக்கே போய்ச் சேரும். சூடு அதிகமாகும் இடமும் அதுதான்.

செய்முறைக்கு ஷிமானோவின் புனல் முறையை எடுத்துக்கொள்கிறேன். இங்கே அதிகம் கண்ணில் படுவது அந்தப் பிரேக்தான். ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு நம் ஜொகூரிலேயே, பொந்தியானில், தொழிற்சாலை இருக்கிறது. மற்ற பிரேக்குகளுக்குக் கருவிகள் வேறுபடும்.

வண்டியை நிறுத்தி, சக்கரத்தையும் பேட்களையும் முதலில் கழற்றிவிடுங்கள். பேட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அது கெட்டுவிடும். அதனால் அவற்றைத் துணியில் சுற்றி வேறு அறையில் வைப்பதே மேல். காலிப்பர் பிஸ்டன்களைப் பிளாஸ்டிக் துண்டால் மெதுவாக உள்ளே தள்ளி, பேட் இருந்த இடத்தில் கருவிப் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள். கட்டை இல்லாவிட்டால் எண்ணெயைத் தள்ளும்போது பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். லீவர் தரைக்குச் சமமாக இருக்கும்படி ஹேண்டிலில் திருப்பி வையுங்கள். லீவரின் மேல் உள்ள சிறு திருகாணியைக் கழற்றி, அந்தத் துளையில் புனலைப் பொருத்துங்கள். திருகாணியோடு ஒரு சின்ன ரப்பர் வளையம் வரும். அதைத் தொலைத்தால் எண்ணெய் கசியும், தனியே தேடி வாங்குவதும் தொல்லை.

காற்று எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். அதனால் எண்ணெயைக் கீழிருந்து தள்ளுகிறோம். சிரிஞ்சில் புதிய எண்ணெயை நிரப்பி, அதன் டியூப்பில் காற்று இல்லாமல் பார்த்துக்கொண்டு, காலிப்பரில் உள்ள நிப்பிளில் மாட்டுங்கள். நிப்பிளை எட்டில் ஒரு சுற்று திறந்து, சிரிஞ்சை மெதுவாக அழுத்துங்கள். மேலே புனலில் பழைய எண்ணெய் கறுப்பாகக் குமிழிகளோடு வரும். குமிழி நிற்கும் வரை தள்ளுங்கள். இந்த நேரத்தில் லீவரைத் தொட வேண்டாம். நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு சிரிஞ்சை எடுங்கள்.

அடம் பிடிக்கும் குமிழிகள் நிப்பிளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நிப்பிளில் வேறொரு டியூப்பை மாட்டி அதன் நுனியில் ஒரு பையைக் கட்டி, இப்போது எண்ணெயைத் தன் எடையாலேயே கீழே ஓட விடுங்கள். குழாயையும் காலிப்பரையும் ஸ்குரூடிரைவர் பிடியால் இலேசாகத் தட்டுங்கள். புனலில் எண்ணெய் வற்றவே கூடாது. வற்றினால் மேலிருந்து காற்று உள்ளே போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி வருவதுதான் அந்த மாணவன் தடுக்கி விழுந்த இடம். நிப்பிளை மூடுங்கள். லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். பிடித்த பிடியை விடாமல் நிப்பிளைத் திறந்து உடனே மூடுங்கள், அரை வினாடி போதும். அழுத்தம் மீதிக் குமிழிகளை எண்ணெயோடு வெளியே துப்பிவிடும். மூடிய பிறகே லீவரை விடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

ஏன் மூடிய பிறகே? லீவரை விட்டதும் உள்ளே இருக்கும் சுருள்வில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். சிரிஞ்சின் தண்டை இழுப்பது போலத்தான். அந்த நேரத்தில் நிப்பிள் திறந்திருந்தால் டியூப்பில் இருக்கும் குமிழிகள் அத்தனையும் திரும்ப உள்ளே போகும். 'லீவரை விட்டு நிப்பிளை மூடவும்' என்று எழுதினால், 'விட்டு' என்ற வினையெச்சம் முதலில் நடப்பதைக் காட்டுவதால், படிப்பவர் முதலில் லீவரைத்தான் விடுவார்.

இந்த இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவன் திருத்தி எழுதியபோது 'நிப்பிளை மூடி விடவும்' என்று எழுதினான். அவன் நினைத்தது 'மூடு, பிறகு லீவரை விடு'. படிப்பவருக்குத் தெரிவது துணைவினை: 'மூடிவிடு', அதாவது கட்டாயம் மூடு. லீவரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 'விடு' முதன்மை வினையாக வரும்போது செயப்படுபொருளைச் சேர்த்து எழுதுவதுதான் வழி: 'நிப்பிளை மூடிய பிறகே லீவரை விடவும்.' அந்த ஏகாரத்தை நான் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டினேன். இரண்டாம் வேற்றுமை உருபும் ஒரு தேற்றேகாரமும் இவ்வளவு வேலை செய்யும் என்று வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மிச்ச வேலை கொஞ்சம்தான். நிப்பிளை 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள், 7 மில்லிமீட்டர் ஸ்பேனரில் அது மிதமான இறுக்கம். லீவரை மெதுவாக இழுத்து இழுத்து விடுங்கள். புனலில் குமிழிகள் ஏறும். லீவரை ஹேண்டிலில் தளர்த்தி முப்பது பாகை மேலும் கீழும் சாய்த்து அதையே செய்யுங்கள். குமிழி நின்று, லீவர் கெட்டியானதும் புனலை அடைத்துக் கழற்றுங்கள். துளையில் எண்ணெய் விளிம்பு வரை இருக்கும்போதே திருகாணியைப் போடுங்கள். கொஞ்சம் வழிந்தால் நல்லது, காற்றுக்கு இடமில்லை என்று பொருள். இந்தத் திருகாணிக்கு 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர்தான், விரல் நுனியால் எல்-கீயைத் திருப்பும் அளவு. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

எண்ணெயைத் துடைத்து, காலிப்பரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்த பிறகே பேட்டைப் போடுங்கள். லீவரைப் பலமாக இழுத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் எங்கோ கசிகிறது. கசியவில்லை என்றால் முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பிரேக் பிடித்துப் பாருங்கள், அதன் பிறகு சமதரையில் ஓட்டிப் பாருங்கள். இறக்கம் அப்புறம். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்ற வேண்டாம். பக்கத்து மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கழிவு எண்ணெய்த் தோம்பு இருக்கும், கேட்டால் வாங்கிக்கொள்வார்கள்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. கீழே உள்ள நான்கு செயல்களையும் வரிசைப்படுத்தி, வினையெச்சமோ 'பிறகு', 'உடனே', 'முன்' போன்ற சொற்களோ சேர்த்து இரண்டே வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள்: லீவரை விடுதல், நிப்பிளைத் திறத்தல், லீவரை அழுத்திப் பிடித்தல், நிப்பிளை மூடுதல். எழுதி முடித்ததும் தாளைப் பக்கத்து மாணவனிடம் கொடுத்து, அதில் உள்ளபடியே கையால் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். என் வகுப்பில் முப்பது வயது ஆசிரியரான நானே ஒருமுறை கையை மாற்றிவிட்டேன், மாணவர்கள் விடவில்லை.